தொடும் மொழி பொதுவில் இருக்கட்டும்

ஹைரோனிமஸ் லோர்ம் என்ற புனைபெயரில் எழுதியவர் ஹைன்ரிஹ் லாண்டெஸ்மான். இன்றைய செக் நாட்டின் மிக்குலோவ் ஊரில் 1821-இல் பிறந்த கவிஞர், நாவலாசிரியர். பதின்ம வயதிலேயே காது கேட்காமல் போயிற்று. அறுபதை எட்டும்போது கண்ணும் முழுதாக இருண்டது. சொல்லை நம்பி வாழ்ந்தவர், சொந்த வீட்டாரோடு பேசவும் வழியற்றுப் போனார். அப்போது, 1881-இல், அவர் உண்டாக்கிய எழுத்துமுறைக்குத் தாளும் வேண்டாம், மையும் வேண்டாம். கேட்பவரின் கைதான் பலகை. கட்டைவிரல் நுனியில் ஒரு தொடுகை ‘அ’. சுட்டுவிரல் நுனி ‘எ’, நடுவிரல் ‘இ’, மோதிரவிரல் ‘ஒ’, சுண்டுவிரல் ‘உ’. நடுவிரலின் நீளத்துக்கும் ஒரே இழுப்பு ‘ல’. உள்ளங்கை நடுவே ஒரு சுழி ‘ஸ’. அங்கேயே விரல்களால் மெல்லத் தாளமிட்டால் ‘ர’. அவர் மறைந்த பிறகு மகள் அதை அச்சிட்டு ஊரறியச் செய்தார். ஜெர்மன் பேசும் நாடுகளில் பார்வையும் செவித்திறனும் ஒருங்கே இழந்தவர்கள் பலர் இன்றும் அந்த எழுத்தில்தான் பேசிக்கொள்கிறார்கள்.

அந்த எழுத்துக்கு உரிமையாளர் என்று யாரும் இல்லை. கற்றுக்கொள்ளக் கட்டணம் இல்லை, பயன்படுத்த அனுமதி தேவையில்லை. செவிலியர், பேரப்பிள்ளை, பக்கத்து வீட்டுக்காரர் என யார் வேண்டுமானாலும் கொஞ்சம் பொறுமையோடு உட்கார்ந்தால் பிடித்துவிடலாம். தொடுகையை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்பும் மின்னணுக் கையுறைகள் ஆய்வுக்கூடங்களைத் தாண்டி வெளியே வரத் தொடங்கியிருக்கும் இந்த நேரத்தில், லோர்மின் எழுத்துக்கு இருக்கும் இந்தப் பொதுத்தன்மை கையுறைக்கும் வாய்க்க வேண்டும் என்பதே நாம் வலியுறுத்த விரும்புவது. பொறியாளர், அரசு, கல்லூரி, குடும்பம், ஆடைத் தொழில் என எல்லோரும் ஆளுக்கொரு கை கொடுத்தால் மட்டுமே அது நடக்கும். எவரோ ஒரு நிறுவனத்தார் செய்து தருவார்கள், நாம் வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தால் நடக்காது.

கையுறை ஏன் தேவைப்படுகிறது? கையில் எழுதிப் பேச வேண்டுமானால் இருவரும் ஒரே இடத்தில், கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். 2020-இல் கொரோனா வந்து ‘யாரையும் தொடாதீர்கள்’ என்று உலகம் முழுக்க அறிவித்தபோது, தொட்டால் மட்டுமே செய்தி அறியக்கூடிய மனிதர்கள் என்ன ஆவார்கள் என்று யோசித்தவர்கள் மிகக் குறைவு. முகக்கவசம் அணிய வேண்டும் என்பதைக்கூட யாராவது அவர்கள் கையைத் தொட்டுத்தானே சொல்லியாக வேண்டும்! பெருந்தொற்று இல்லாத நாட்களிலும் நிலைமை பெரிதாக வேறல்ல. வெளியூர் போன மகளிடம் நலம் விசாரிக்க ஒரு தாய்க்கு இடையில் இன்னொருவரின் கை தேவைப்படுகிறது. அந்த இன்னொருவருக்குத் தெரியாமல் அவர் ஒரு வார்த்தையும் பேச முடியாது.

பெர்லின் கலைப் பல்கலைக்கழகத்தின் வடிவமைப்பு ஆய்வுக்கூடம் 2012 வாக்கில் உருவாக்கிய லோர்ம் கையுறை இந்த இடத்தைத்தான் குறிவைத்தது. கையுறையின் உள்ளங்கைப் பக்கத்தில் அழுத்தத்தை உணரும் துணி உணரிகள். அணிந்தவர் தன் இன்னொரு கையால் அதன்மேல் லோர்ம் எழுத்துகளை எழுதுகிறார். அது புளூடூத் வழியாகச் செல்போனுக்குப் போய்க் குறுஞ்செய்தியாகிறது. எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் குறுஞ்செய்தி, புறங்கையில் பதித்த சிறு மோட்டார்களின் அதிர்வாக மாறுகிறது. மோட்டார்களை ஒன்றன்பின் ஒன்றாக, ஒன்று அடங்குவதற்குள் அடுத்தது எழும்படி இயக்கினால், தனித்தனிப் புள்ளிகளாக அல்லாமல் ஒரு விரல் கோடு இழுத்துப் போவதாகவே தோல் உணர்கிறது. லோர்ம் தெரியாத ஒருவருக்கும் இதனால் செய்தி அனுப்ப முடியும். நடுவில் மூன்றாமவர் தேவையில்லை.

இதற்குப் பிறகு நுட்பம் வெகுதூரம் வந்துவிட்டது. அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட கையுறையில் உணரிகளும் அதிர்விகளும் எம்பிராய்டரி இயந்திரத்தால் துணியிலேயே தைக்கப்பட்டவை. அணிபவரின் கை அளவுக்கேற்ப ஒரு கையுறையைத் தைக்கச் சுமார் 10 நிமிடமே ஆனது. ஒருவர் தொடுவதைப் பதிந்து இன்னொருவர் விரலில் உணரவைத்து, பியானோ வாசிக்கும் கையசைவைக்கூடக் கற்றுத்தர முடிந்தது. ஒரே அதிர்வை ஒவ்வொருவரும் வெவ்வேறு அளவில் உணர்வதால், அணிபவருக்கு ஏற்ப அதிர்வைத் தானே திருத்திக்கொள்ளும் முறையையும் அதில் சேர்த்திருந்தார்கள்.

இந்தச் செய்திகளைப் படித்துவிட்டு மிகையான நம்பிக்கை வைத்துவிடக் கூடாது. ஒரு கையின் உள்ளங்கைப் பக்கத் தோலில் மட்டும் சுமார் 17,000 தொடு நரம்பிழைகள் உண்டு. அழுத்தம், வழுக்கல், தோல் இழுபடுதல், அதிர்வு என்று தனித்தனியே உணரும் நான்கு வகை ஏற்பிகளிலிருந்து அவை கிளம்புகின்றன. சிறு மோட்டாரின் அதிர்வு இவற்றில் ஒரு பகுதியைத்தான் எழுப்பும். மென்மையாக வருடுவதை உணரவென்றே தனி நரம்பிழைகள் இருக்கின்றன. வினாடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில், உடலின் வெதுவெதுப்போடு தோல்மேல் நகரும் கைக்கு அவை நன்றாக விழித்துக்கொள்கின்றன. அவை இருப்பதோ முக்கியமாக முடி வளரும் தோலில். ஆகவே, தாயின் வருடலைக் கடல்கடந்து அனுப்பித் தருகிறோம் என்று நாளை எவராவது விளம்பரம் செய்தால், இன்றைய நுட்பத்தை வைத்து அதை நம்ப முடியாது.

நேரத்தாமதமும் குறுக்கே நிற்கிறது. இரண்டு கைகள் ஒன்றையொன்று பற்றி அழுத்தும் உணர்வு உண்மையாகப் படவேண்டுமானால் தாமதம் ஓரிரு மில்லிவினாடிக்குள் இருக்க வேண்டும் என்பது இத்துறையினர் வைத்திருக்கும் இலக்கு. ஒளியிழையில் ஒளி ஒரு மில்லிவினாடியில் ஓடுவது சுமார் 200 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மதுரைக்குப் போவதற்குள்ளேயே இரண்டு மில்லிவினாடி கடந்துவிடும். லண்டனுக்கு 40-ஐத் தாண்டும். ஒளியைவிட வேகமாக எந்தக் கருவியாலும் செய்தி அனுப்ப முடியாது. இயற்கை போட்ட வரம்பு. ஆனால் எழுத்தெழுத்தாகப் பேசுவதற்கு இந்தத் தாமதம் ஒரு பொருட்டே அல்ல. அதனால்தான் சொல்கிறோம்: கை கோத்துக்கொள்ளும் கனவுக் கையுறை மெதுவாக வரட்டும், பேச உதவும் கையுறை இன்றே செய்யத்தக்கது, முதலில் வர வேண்டியதும் அதுதான்.

அதற்கான பாகங்கள் அரியவை அல்ல. செல்போனை அதிரவைக்கும் காசு வடிவ மோட்டார், சிறு மின்னணுப் பலகை, லித்தியம் பேட்டரி, அழுத்தினால் மின்தடை குறையும் கரி கலந்த பிளாஸ்டிக் தாள், மின்சாரம் கடத்தும் நூல். பெரும்பாலானவை சென்னை ரிச்சி தெருவில் கிடைப்பவைதாம். தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் ஆண்டுதோறும் ஃபைனல் இயர் புராஜெக்ட் என்று செய்யப்படும் கையுறைகளுக்குக் கணக்கில்லை. விரல் மடங்குவதை உணர்ந்து சைகையைக் குரலாக்கும் கையுறை அவற்றில் ஒரு நிலையான தலைப்பு. மாணவர்கள் இரவு பகலாக உழைக்கிறார்கள், வைவா முடிகிறது, கையுறை ஆய்வக அலமாரிக்குப் போகிறது, அல்லது பாகங்கள் கழற்றப்பட்டு அடுத்த ஆண்டு மாணவருக்குப் போகின்றன. ஒரு காது கேளாதவர் கைக்கு அது போவது அபூர்வம். மாணவர்களின் அக்கறையில் குறையில்லை. யாருக்காகச் செய்கிறோமோ அவரைச் சந்திக்க வேண்டும் என்று பாடத்திட்டம் அவர்களைக் கேட்பதே இல்லை.

அமெரிக்காவிலும் இதே கதைதான் நடந்தது. சைகையைக் குரலாக்கும் கையுறை செய்த வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர் இருவருக்கு 2016-இல் லெமெல்சன்–எம்ஐடி மாணவர் பரிசாக 10,000 டாலர் கிடைத்தது. ஊடகங்கள் கொண்டாடின. காது கேளாதோர் சமூகமும் சைகை மொழி அறிஞர்களும் கடுமையாக மறுத்தார்கள். சைகை மொழியின் இலக்கணம் முகத்திலும் புருவத்திலும் தோளிலும் இருக்கிறது. கையை மட்டும் பிடிக்கும் கையுறை மொழியைப் பிடிக்காது. அதோடு, கேட்கத் தெரிந்தவரின் வசதிக்காகக் கேளாதவர் ஏன் எந்நேரமும் கருவி மாட்டிக்கொண்டு திரிய வேண்டும் என்றும் கேட்டார்கள். அந்தக் கேள்வி நம் கல்லூரிகள் ஒவ்வொன்றிலும் எழ வேண்டியது.

அணிபவர்களை முதல் நாளிலிருந்தே உடன் வைத்துக்கொண்டால் என்ன தெரியவரும்? நம் ஊரின் புழுக்கத்தில் கையுறையைத் தொடர்ந்து அணிந்திருக்க முடியுமா என்பது தெரியவரும். வியர்வையில் வெள்ளி பூசிய நூல் எவ்வளவு சீக்கிரம் கறுத்து மங்குகிறது என்பதும். கையால் சாப்பிடுகிறவருக்கு உள்ளங்கை மூடிய உறை ஒத்துவராது. விரல் நுனி வெளியே தெரிய வேண்டும். நீரிழிவால் விரல் மரத்துப்போன முதியவருக்கு அதிர்வு கூடுதலாக வேண்டும். பிரெய்ல் படிப்பவர் தன் சுட்டுவிரலை எதற்காகவும் மூட விடமாட்டார். இவை எதுவும் கணினித் திரையில் வரைபடம் போடும்போது தோன்றாது.

தமிழுக்கு எந்த எழுத்துமுறை என்பது அடுத்த கேள்வி. லோர்மின் எழுத்து ஜெர்மனுக்காக அமைந்தது. ஐந்து விரல் நுனியில் ஐந்து உயிரெழுத்தை வைத்துவிட்டால் நம் பன்னிரண்டில் மிச்சம் எங்கே போவது? ஜப்பானில் இருக்கும் வழி நமக்கு இன்னும் நெருக்கமானது. தோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர் சதோஷி ஃபுகுஷிமா 9 வயதில் பார்வையையும் 18 வயதில் செவித்திறனையும் இழந்தவர். 1981-இல் அவருடைய தாய் ரெய்கோ, மகனின் விரல்களையே பிரெய்ல் தட்டச்சுப் பொறியின் விசைகளாகக் கொண்டு தட்டிப் பேசினார். இரு கைகளின் சுட்டு, நடு, மோதிர விரல்கள் ஆறும் பிரெய்லின் ஆறு புள்ளிகள். அந்த ‘விரல் பிரெய்ல்’ ஜப்பான் முழுக்கப் பரவியது. தமிழுக்கோ பாரதி பிரெய்ல் 1951 முதலே இருக்கிறது. நம் பார்வையற்றோர் பள்ளிகளில் குழந்தைகள் அதில்தான் தமிழ் படிக்கிறார்கள். விரலுக்கு ஒரு மோட்டாராக ஆறே மோட்டார்கள் இருந்தால் தமிழில் ஒரு வாக்கியத்தைக் கைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம். பிரெய்ல் அறியாதவருக்கு வேறு வழி தேட வேண்டும். அதைச் சிறப்பாசிரியர்களும் அணிபவர்களும் சேர்ந்துதான் தேட முடியும்.

எந்த முறை தேர்ந்தாலும், எந்த அதிர்வுக்கு எந்த எழுத்து என்ற அட்டவணை, மின்சுற்று வரைபடம், மென்பொருள், தையல் அளவு எல்லாம் எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளிப்படையாக இருக்க வேண்டும். இதை நாம் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அமெரிக்காவின் செகண்ட் சைட் நிறுவனம் ‘ஆர்கஸ் 2’ என்ற விழித்திரைக் கருவியை உருவாக்கி, உலகெங்கும் 350-க்கும் மேற்பட்டோர் கண்ணில் பொருத்தியது. விழித்திரை மெல்ல மெல்லச் சிதையும் நோயால் பார்வை இழந்தவர்கள் அவர்கள். 2019-இல் நிறுவனம் அந்தக் கருவியைக் கைவிட்டது. 2020-இல் திவாலின் விளிம்புக்குப் போனது. கண்ணுக்குள் இருக்கும் கருவிக்குப் பழுதுபார்க்க ஆளில்லை, மாற்றுப் பாகம் இல்லை என்ற நிலையில் அவர்கள் நின்றதை 2022-இல் ஐஇஇஇ ஸ்பெக்ட்ரம் இதழ் வெளிக்கொண்டுவந்தது. அதே விழித்திரை நோய் பிறவிச் செவிக்குறைவோடு சேர்ந்து வருவதை அஷர் நோய்க்கூட்டு என்கிறார்கள். இளம் வயதில் காதும் பிறகு கண்ணும் போகிறவர்களில் கணிசமானோர் இந்த நோயுள்ளவர்கள். நாளை தொடு கையுறை அணியப்போகிறவர்களும் அவர்களே. ஒருமுறை கைவிடப்பட்டது போதும்.

ஒரு நிறுவனம் மூடினாலும் இன்னொருவர் பழுதுபார்க்க முடிகிற கருவியை மட்டுமே பொதுப்பணத்தில் வாங்குவோம் என்று அரசு விதி வகுத்தால், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவி உபகரணங்கள் வழங்கும் ஒன்றிய அரசின் திட்டமும், நம் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை நடத்தும் முகாம்களும் இருக்கின்றன. முகாமில் கொடுத்துவிட்டுப் படம் எடுத்துக்கொள்வதோடு பொறுப்பு முடிவதில்லை. ஆறு மாதம் கழித்து நூல் அறுந்தால் எங்கே கொண்டுபோவது என்பதற்கு மாவட்டத்துக்கு ஓர் ஆள், ஓர் இடம் வேண்டும். ஐடிஐயில் மின்னணு படித்த ஓர் இளைஞரும் தையல் தெரிந்த ஒருவரும் போதும், வரைபடம் பொதுவில் இருக்குமானால்.

திருப்பூரும் இதில் வரவேண்டும். உலகத்துக்கே பின்னலாடை தைக்கும் ஊர்; கம்ப்யூட்டர் எம்பிராய்டரி இயந்திரங்கள் அங்கே வரிசையாக ஓடுகின்றன. எம்ஐடியில் செய்தது எம்பிராய்டரி இயந்திரத்தில்தான் என்றால், அந்த வேலையின் நெளிவுசுளிவு தெரிந்த கைகள் நம்மிடம்தான் இருக்கின்றன. மின் கடத்தும் நூல் ஊசியில் அறுகிறது, துவைத்தால் தளர்கிறது என்ற பிரச்சினைகளை ஓர் ஆய்வு மாணவர் மூன்றாண்டு யோசிப்பதைவிட, இருபதாண்டு மெஷின் ஓட்டியவர் சீக்கிரம் அவிழ்த்துவிடக்கூடும். ஏற்றுமதியாளர் சங்கங்கள் மாதிரி தைக்கும் செலவை ஏற்றுக்கொண்டால் பெரிய உபகாரம்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழுகிறது. கையுறைக்குச் செலவிடும் பணத்தைத் தொடுமொழி அறிந்த உதவியாளர்களுக்குச் செலவிடலாமே என்பார்கள் இத்துறையில் பல்லாண்டு உழைத்தவர்கள். அவர்கள் சொல்வது சரி. எதிரே வருபவர் சிரிக்கிறாரா, மழை இருட்டிக்கொண்டு வருகிறதா, அறையில் யார் யார் இருக்கிறார்கள் என்பதையெல்லாம் கையில் சொல்லும் மனித உதவியாளருக்கு எந்தக் கருவியும் ஈடாகாது. கையுறை வந்துவிட்டது, இனி உதவியாளர் எதற்கு என்று எந்த அலுவலகமும் கைகழுவ அனுமதிக்கக் கூடாது. உலகப் பார்வை-செவித்திறன் குறையுடையோர் கூட்டமைப்பின் 2018 அறிக்கை, மக்கள்தொகையில் 0.2 முதல் 2 விழுக்காட்டினர் ஏதோ ஓர் அளவில் இந்த இரட்டைக் குறைபாடு உள்ளவர்கள் என்கிறது. அவர்களில் பலர் வயது மூப்பில் இந்த நிலைக்கு வருகிறவர்கள். நம் வீட்டுத் திண்ணையில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பாட்டியும் அவர்களில் ஒருவராக இருக்கலாம். நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் இந்நிலையைத் தன் 21 வகைகளுக்குள் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. உதவியாளரும் வேண்டும், கையுறையும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பது அந்தச் சட்டத்தின் நோக்கத்துக்கே விரோதம்.

கையுறை அணிந்தவரின் உடலைத் தொடும் அதிகாரம் யாருக்கு என்பதும் இப்போதே தீர்க்க வேண்டிய விஷயம். திரையில் வரும் வேண்டாத செய்தியைப் பார்க்காமல் விடலாம். கையில் வந்து அதிரும் செய்தி முதலில் தோலைத் தொட்டுவிடுகிறது. யாரிடமிருந்து ஏற்பது, எப்போது நிறுத்துவது என்ற முடிவு அணிபவரிடம் இருக்க வேண்டும். கண் பார்க்காமல், காது கேளாமல், விரலாலேயே அணைக்கக்கூடிய ஒரு விசை கையுறையில் கட்டாயம் இருக்க வேண்டும். பதிவு விஷயமும் சாதாரணமானதல்ல. கனடா நிறுவனம் ஒன்றின் அந்தரங்க அதிர்வுக் கருவி, பயன்படுத்தியவர்களின் தகவலை அவர்கள் அறியாமல் சேகரித்ததற்காக அமெரிக்காவில் வழக்காகி, 2017-இல் பல லட்சம் டாலர் இழப்பீட்டில் முடிந்தது. தாயும் மகளும் கையில் பேசிக்கொண்டது எந்த நிறுவனத்தின் கணினியிலும் தங்கக் கூடாது. செய்தி கையுறையிலிருந்து கையுறைக்குப் பூட்டியபடியே போகட்டும்; போய்ச் சேர்ந்ததும் அழியட்டும்.

குடும்பங்களிடமும் ஒன்று கேட்கிறோம். கையுறை வருவதற்கு ஆண்டுகள் ஆகலாம். உங்கள் வீட்டில் கண்ணும் காதும் மங்கிவரும் ஒருவர் இருந்தால் இப்போதே அவர் கையில் எழுதப் பழகுங்கள். உள்ளங்கையில் பெரிய எழுத்தாக ‘வா’, ‘சாப்பாடு’, ‘மழை’ என்று எழுதிக் காட்டினாலும் பேச்சு தொடங்கிவிடும். அப்படிக் கையில் பேசிப் பழகியவருக்கே பிறகு கருவியும் சுலபமாகக் கைவரும்.

தொடங்குவதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. புராஜெக்ட் தலைப்பை ஏற்கும் முன், இதை அணியப்போகிறவரை எப்போது சந்தித்தீர்கள் என்று வழிகாட்டும் பேராசிரியர்கள் மாணவர்களைக் கேட்கலாம். மாற்றுத்திறனாளிகள் நலத்துறை, பார்வை-செவித்திறன் குறையுடையோரையும் சிறப்பாசிரியர்களையும் பொறியியல் கல்லூரிகளையும் திருப்பூர்த் தையல்காரர்களையும் ஒரே மேசைக்கு அழைக்கலாம். அழைப்புக் கடிதம் பிரெய்லிலும் போக வேண்டும். வருகிறவர் ஒவ்வொருவருக்கும் உடன்வரும் உதவியாளருக்கான பயணப்படியையும் சாப்பாட்டுச் செலவையும் அந்தக் கடிதத்திலேயே எழுதிவிட வேண்டும்.